வராத கோடு

திங்கட்கிழமை காலை ஏழு மணி. சாத்தூர் சாலையிலிருந்து பிரிந்து கரிசல் காட்டுக்குள் போகிற பாதையில், வேலிக்கருவேல மரங்களுக்கு நடுவே, ஒரு பட்டாசு ஆலையின் வாசலில் நிற்கிறேன். ஆலை வேன்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நிற்கின்றன. தூக்குவாளியும் தண்ணீர் பாட்டிலுமாக ஆட்கள் இறங்குகிறார்கள். பெண்களே அதிகம்.

வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் போர்மேன் நிற்கிறார். அறுபதை நெருங்குகிற மனிதர். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை பேசுகிறார். "என்னம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" "ஏப்பா, நேத்து ஊர்ல கொடையா?" சும்மா நலம் விசாரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். கூட்டம் உள்ளே போன பிறகுதான் விளங்கச் சொன்னார்.

"சனிக்கிழமை சம்பளம். ஞாயித்துக்கிழமை லீவு. அதனால திங்கக்கிழமை வாசல்லதான் சோலியே. பேச்சுக் குடுத்தா வாய் தொறப்பான். வாய் தொறந்தா வாடை தெரிஞ்சிரும். கண்ணு தெரிஞ்சிரும். தண்ணி போட்டவன அப்படித்தான் இத்தன வருசமா புடிச்சேன். இப்ப வர்ற சின்னப் பயலுக வாயத் தொறந்தாலும் ஒண்ணும் தெரியமாட்டேங்குது அண்ணாச்சி. இன்னிக்கு இவன் கை மருந்தத் தொடலாமா, கூடாதா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும்."

நான் அங்கே போனதே அந்தக் கேள்விக்காகத்தான். ஒரு சொட்டு உமிழ்நீரை வைத்துப் பத்து நிமிடத்தில் போதைப்பொருளைக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்கள். கேரளக் காவல்துறைக்கு 2022-ல் 'ஆல்கோ ஸ்கேன்' என்ற சோதனை வண்டி வந்தது. சாலையோரத்திலேயே ஓட்டுநரின் உமிழ்நீரை எடுத்துப் பார்க்கும் வசதி அதில் உண்டு. குஜராத்தில் அகமதாபாத் காவல்துறை அதற்கும் முன்பே இத்தகைய கருவியைக் கையில் எடுத்துவிட்டது. சாலையில் வந்த சோதனை ஆலை வாசலுக்கும் ஒருநாள் வரத்தான் செய்யும். அப்படி வந்தால் போர்மேனின் கேள்விக்கு அதனிடம் பதில் இருக்குமா என்று நேரில் பார்த்துவிட நினைத்தேன்.

மருந்து என்றால் இங்கே வேறு பொருள்

மற்ற ஊர்களில் மருந்து நோயைத் தீர்ப்பது. சிவகாசிப் பக்கம் மருந்து என்றால் வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் சேர்ந்த கலவை. மருந்து கலப்பவர், மருந்து செலுத்துபவர், மணி மருந்து காய வைப்பவர் என்று ஆளுக்கொரு வேலை. கலவை வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டப்பட்டிருக்கின்றன. ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று கணக்கு உண்டு. தரையில் ரப்பர் விரிப்பு. நுழையும்போது உடம்பிலுள்ள மின்னேற்றம் மண்ணுக்கு இறங்கிவிட, பதித்து வைத்திருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும்.

போர்மேன் அனுமதித்த தூரம்வரை போய், மருந்து செலுத்தும் அறையை வெளியே நின்று பார்த்தேன். ஓர் அக்கா, நாற்பது வயதிருக்கும், வளையத்துக்குள் நெருக்கி அடுக்கிய காகிதக் குழாய்களின் மேல் சாம்பல் நிறத் தூளைப் பரப்பினார். விரல் நுனியால் மெல்லத் தள்ளித் தள்ளி ஒவ்வொரு குழாய்க்குள்ளும் இறக்கினார். அழுத்தாமல், தேய்க்காமல், கோலப்பொடியைக் கையாள்வதுபோல் அவ்வளவு பதம். விரல்களில் படிந்த அந்த வெள்ளிப் பூச்சு, சாப்பாட்டு வேளையில் சோப்புப் போட்டாலும் முழுதாகப் போகாது என்றார். அந்தக் கை ஒருமுறை தடுமாறினால், ஓர் உரசல் விழுந்தால், அதற்குமேல் யோசிக்க நேரம் இருக்காது.

வெடிபொருள் விதிகள் இதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கின்றன. பதினெட்டு வயது நிரம்பாதவரையும் போதையில் இருப்பவரையும் வெடிபொருள் வேலையில் ஈடுபடுத்தக் கூடாது என்பது விதி. போதையில் இருக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதைத்தான் போர்மேனின் கண்ணுக்கும் மூக்குக்கும் விட்டுவிட்டார்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளம் ஆலை விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த வட்டாரத்து விபத்துகளுக்குப் பின் திரும்பத் திரும்பப் பேசப்பட்ட காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. அளவுக்கு மேல் இருப்பு வைத்த மருந்து, அறைக்கு அதிகமான ஆட்கள், உரிமத்தை உள்குத்தகைக்கு விட்டது, மரத்தடியிலும் நடைபாதையிலும் வைத்து வேலை வாங்கியது. எந்தச் சோதனைக் கருவி வந்தாலும், இந்தக் காரணங்களை மறைக்கவும், பழியை இறந்துபோன தொழிலாளியின் வாயில் தேடவும் அது பயன்பட்டுவிடக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்த இடத்துக்குப் போனேன்.

நாக்குக்கு அடியில் மூன்று நிமிடம்

சிவகாசி நகருக்குள், அச்சகங்கள் வரிசையாக உள்ள ஒரு தெருவில் சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம். உமிழ்நீர் சோதனைக் கிட் ஒன்றை வரவழைத்து வைத்திருக்கும்படி முன்பே சொல்லியிருந்தேன். யாருக்குச் சோதனை என்று கேட்டார் அங்கே வேலை பார்க்கும் பெண். எனக்குத்தான் என்றேன்.

"பத்து நிமிஷமா எதுவும் சாப்பிடலையே சார்? டீ, வெத்தலை, சிகரெட்?"

இல்லை என்றதும் உறையைப் பிரித்தார். பல்துலக்கும் குச்சி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தண்டு, அதன் முனையில் சின்னப் பஞ்சு. அதைக் கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் மேல் எல்லாம் தடவிவிட்டு, நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு வாயை மூடச் சொன்னார். மூன்று நிமிடம். கடிக்கக் கூடாது, சப்பக் கூடாது. முதல் அரை நிமிடம் பஞ்சு நாக்கில் வறட்டென்று உரசியது. ஒருவரின் முன்னால் வாயில் குச்சியோடு உட்கார்ந்திருக்கக் கூச்சமாகவும் இருந்தது.

அந்தக் கூச்சத்துக்குக் காரணம் உண்டு. சொம்பை வாயில் வைக்காமல் அண்ணாந்து தண்ணீர் குடிக்கப் பழக்கிய ஊர் இது. எச்சில் என்ற சொல்லிலேயே ஒரு விலக்கம் இருக்கிறது. எச்சில் இலை, எச்சில் கை என்று எத்தனை சொற்கள். ஆய்வுக்கூடத்தில் அதையே உமிழ்நீர் என்கிறோம். பெயர் மாறினாலும் கேட்பது அதையேதான். ஆனால் இதற்கு மாற்றாக இருப்பது சிறுநீர்ச் சோதனை. மாற்றிக் கொடுத்துவிடாமல் இருக்க, சிறுநீர் கழிக்கும்போது கதவருகே ஒருவர் நிற்க வேண்டியிருக்கும். காலையில் வாசலில் பார்த்த அந்தப் பெண்களை நினைத்துக்கொண்டேன். உமிழ்நீரை எல்லோர் கண்ணெதிரிலும் எடுக்கலாம். யாரும் கதவைச் சாத்த வேண்டியதில்லை, யாரும் மானத்தை விட வேண்டியதில்லை. இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த முதல் விஷயம் இது.

இரண்டாவது விஷயம் காலக்கணக்கு. கஞ்சா பழக்கம் நாள்பட்டவரின் சிறுநீரில் அதன் கழிவு வாரக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். முந்தைய மாதம் புகைத்ததற்கு இந்த மாதம் மாட்டிக்கொள்ள நேரும். தலைமுடியோ மூன்று மாதக் கதையைச் சொல்லும். உமிழ்நீர் அவ்வளவு பழங்கதை பேசாது. கஞ்சா என்றால் பெரும்பாலும் சில மணி நேரம் முதல் ஒரு நாள்வரை, விடாமல் புகைப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக. ஆம்ஃபெட்டமின், கொக்கெய்ன், அபின் வகைகள் ஓரிரு நாள். நேற்று இரவையும் இன்று காலையையும் பற்றித்தான் அது பேசுகிறது. போர்மேன் கேட்பதும் இன்றைய நாளைப் பற்றித்தான்.

பஞ்சு ஊறியதும் அதை ஒரு குழாயில் வைத்துப் பிழிந்தார். சோதனை அட்டையில் ஆறு பட்டைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு போதைப்பொருளின் சுருக்கப் பெயர். பிழிந்த நீரைச் சொட்டுவிட்டதும் இளஞ்சிவப்பு நிறம் அலைபோல் மேலே ஏறத் தொடங்கியது.

"இதுல ஒண்ணு கவனிக்கணும் சார். கொரோனா கிட்ல ரெண்டு கோடு வந்தா இருக்குன்னு அர்த்தம். இதுல அப்படியே தலைகீழ். ரெண்டு கோடு வந்தா ஒண்ணுமில்ல. கீழ் கோடு வராமப் போனாத்தான் இருக்குன்னு அர்த்தம்."

ஏன் தலைகீழ் என்பதை அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். பட்டைக்குள் சிவப்புத் துகளைச் சுமந்த எதிர்ப்புரதங்கள் காத்திருக்கின்றன. உமிழ்நீர் ஓடிவரும்போது அவையும் கூடவே ஓடுகின்றன. வழியில் ஓரிடத்தில் அந்தப் போதைப்பொருளின் மூலக்கூறையே கோடுபோல் பதித்து வைத்திருக்கிறார்கள். எதிர்ப்புரதத்தின் கை காலியாக இருந்தால் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும், நிறம் தெரியும். உமிழ்நீரிலேயே அந்தப் பொருள் இருந்தால், கை முன்பே நிறைந்துவிடுகிறது. பிடிக்கக் கை இல்லாமல் கோட்டைத் தாண்டிப் போய்விடும், நிறம் தெரியாது. மங்கலாக ஒரு கோடு தெரிந்தாலும் அது 'இல்லை' என்றே கணக்கு. கண் கூர்மையில்லாதவர் கையிலோ, அவசரக்காரர் கையிலோ, மின்விளக்கு மங்கிய இடத்திலோ அந்த மங்கல் கோடு காணாமல் போய்விடலாம். ஒருவருடைய வேலை அந்த மங்கல் கோட்டில் தொங்கும்.

பத்து நிமிடம் ஆனது. ஐந்து பட்டைகளில் இரண்டு கோடுகள். ஆறாவதில் மேல் கோடு மட்டும். கீழே வெறும் வெள்ளை.

அது அபின் வகைக்கான பட்டை.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்த்தேன். அந்த அறையில் வேறு யாரும் இல்லை, என்னைக் குற்றம் சொல்லவும் ஆள் இல்லை. இருந்தும் உள்ளங்கை வியர்த்தது. நான் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லும் குரலே குற்றவாளியின் குரல்போல் எனக்குக் கேட்டது.

"காலையில ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா சார்?"

அப்போதுதான் நினைவு வந்தது. ஒரு வாரமாக வறட்டு இருமல். மருத்துவர் எழுதிக் கொடுத்த இருமல் மருந்தைக் கிளம்பும்போது இரண்டு மூடி குடித்திருந்தேன். பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். லேபிளைப் படித்தவர் விரலால் ஒரு வார்த்தையைத் தொட்டார். கோடீன். அபினின் குடும்பத்தைச் சேர்ந்தது. பட்டைக்கு அது ஹெராயினா இருமல் மருந்தா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதற்கு வாயு அல்லது திரவ நிறப்பிரிகையோடு நிறைநிரல்மானி இணைந்த பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும். அந்த ஆய்வு மூலக்கூறை எடைபோட்டு இன்னது என்று சொல்லும். அட்டை எழுப்புவது சந்தேகம் மட்டுமே.

என்னிடம் மருந்துச் சீட்டு இருந்தது. கேட்டுப் பதில் பெறும் பொறுமையுள்ள ஒருவர் எதிரே இருந்தார். வேன் கிளம்பப் போகிற அவசரத்தில், ஐம்பது பேர் வரிசையில் நிற்கையில், வீட்டில் மருந்துச் சீட்டை விட்டுவிட்டு வந்த ஒருவருக்கு அந்த வெள்ளை இடம் என்னவாகத் தெரிந்திருக்கும்?

முதல் நாளிலேயே நடந்த தவறு

உலகிலேயே முதலில் சாலையோரத்தில் ஓட்டுநர்களை நிறுத்தி உமிழ்நீரில் போதைப்பொருள் தேடியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 2004 டிசம்பரில். அறிமுக நாளன்று பத்திரிகையாளர்களும் கேமராக்களும் கூடியிருந்தார்கள். அவர்கள் முன்னால் முதன்முதலாகச் சிக்கியவர் என்று ஒரு வேன் ஓட்டுநர் காட்டப்பட்டார். பிறகு ஆய்வுக்கூட முடிவு வந்தபோது அவர்மீது குற்றமில்லை என்று தெரிந்தது. அதற்குள் அவர் முகம் ஊரெல்லாம் பரவிவிட்டது. சாலையோர அட்டையின் சொல்லை மட்டும் வைத்து ஒருவர் முகத்தைக் காட்டியதுதான் அங்கே நடந்த பிழை. நம் ஊரில் வாட்ஸ்அப்புக்கு ஒரு நிமிடம் போதும்.

பிடிக்க வேண்டியதைப் பிடிக்காமல் விடுவதும் நடக்கும். கஞ்சா புகைக்கும்போது அதன் சாரம் வாயிலேயே படிகிறது. உமிழ்நீர்ச் சோதனை பெரும்பாலும் அந்தப் படிவைத்தான் பிடிக்கிறது. அதையே சாக்லேட்டாக விழுங்கியவரின் வாயில் அவ்வளவு படியாது. கஞ்சா சாக்லேட் தமிழ்நாட்டில் பலமுறை பிடிபட்ட பொருள். கஞ்சாவோ ஆம்ஃபெட்டமினோ எடுத்தவருக்கு வாய் உலர்ந்து, பஞ்சு நனையவே நேரமாகும் என்ற தொல்லையும் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை வலி மாத்திரை. தமிழ்நாட்டில் இளைஞர்கள் போதைக்காகத் தவறாகப் பயன்படுத்துவதாக அடிக்கடி செய்திகளில் அடிபடும் டேபென்டடால் வலி நிவாரணிதான். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதது. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் அது இல்லை. செயற்கையாகச் செய்யப்பட்டது, அதன் மூலக்கூறு வேறு உருவம். வழக்கமான அபின் பட்டைக்கு அது கண்ணில் படாது. இருமல் மருந்து குடித்த எனக்குக் கோடு வரவில்லை. டேபென்டடால் விழுங்கிவிட்டு வருகிறவருக்கு எல்லாக் கோடும் பளிச்சென்று வந்துவிடும். போர்மேன் சொன்ன 'வாயத் தொறந்தாலும் தெரியாத' பிள்ளைகளில் சிலரை இந்த அட்டைக்கும் தெரியாது.

பள்ளிக்கூட வாசல்களில் புகுந்துவிட்ட கூல் லிப்பும் இதில் சேராது. உதட்டுக்குள் அதக்கிக்கொள்ளும் அந்தப் புகையிலைப் பொட்டலம் உமிழ்நீரிலேயே ஊறுகிறது. ஆனாலும் கோட்டினின் என்ற நிக்கோட்டின் கழிவுக்கென்று தனிப்பட்டை இருந்தால்தான் அட்டை அதைக் காட்டும். எதைத் தேட வேண்டும் என்று நாம் முன்பே முடிவு செய்திருந்தால் மட்டுமே இந்தச் சோதனை அதைத் தேடும்.

சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு

பகல் பன்னிரண்டரைக்கு விருதுநகர் வந்தேன். எனக்காகச் சாப்பாட்டு நேரத்தை ஒதுக்கிக் கொடுத்த மனநல மருத்துவரிடம் என் அட்டையைக் காட்டினேன். அவர் கையில் வாங்கவே இல்லை.

"இத வச்சு நான் யாரையும் எதுவும் முடிவு பண்ண மாட்டேன் சார். உட்கார வச்சுப் பேசறதுக்கு ஒரு காரணம் கிடைச்சுதுன்னு எடுத்துக்குவேன், அவ்வளவுதான். வாயில இருக்கற அளவுக்கும் மயக்கத்துக்கும் நேர்க்கோடு கிடையாது. ஒருத்தர் வாயில இருக்கும், நிதானமா இருப்பார். இன்னொருத்தர் வாயில இருக்காது, தூக்கம் இல்லாம கை நடுங்கிட்டிருப்பார். நிறுத்தின ரெண்டாம் நாள்தான் கை ரொம்ப நடுங்கும்."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை உலுக்கியது. பழக்கத்தை விட முயல்கிறவனின் கை, பழக்கத்தில் இருக்கிறவனின் கையைவிட அதிகமாக நடுங்கும் நாள் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அட்டை அவனை நல்லவன் என்று உள்ளே அனுப்பிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அவரிடமே உட்கார்ந்து பார்த்தேன். மது என்றால் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு எல்லை வகுத்திருக்கிறது. போதைப்பொருளுக்கு அப்படி எண் எதுவும் இல்லை. வாகனத்தைச் சரியாகக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு அதன் வசத்தில் இருப்பது என்றுதான் இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, கஞ்சா பயன்படுத்தினாலே ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அதே சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறு அளவோடு சிக்கிய, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்று முடித்தால் அவர்மீது வழக்கு நடத்த வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்து வரும் பாதிப்பை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைக்கிறது, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கவும் சொல்கிறது. தமிழ்நாடு அரசு 2025-ல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. சட்டத்திலும் மருத்துவமனையிலும் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆலை வாசலிலிருந்து அந்தக் கதவுவரை கையைப் பிடித்து அழைத்துப் போக ஆள் இல்லை.

அழைத்துப் போக முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. விமானிகளுக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் 2022 ஜனவரி 31 முதல் போதைப்பொருள் சோதனை நடைமுறையில் இருக்கிறது. ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்துப் பேரை முன்னறிவிப்பின்றித் தேர்ந்தெடுத்துச் சோதிக்கிறார்கள். முதல் சோதனையில் சந்தேகம் வந்தால் உடனே பணியிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். உறுதிச் சோதனை முடிந்த பிறகே முடிவு. உறுதியானாலும் முதல் முறை மறுவாழ்வுச் சிகிச்சைக்குத்தான் அனுப்புகிறார்கள். நூற்றுக்கணக்கான பயணிகளின் உயிர் விமானியின் கையில் இருக்கிறது என்பதால் அவருக்குச் சோதனை. பல ஆண்டு பயிற்சி பெற்ற விமானியை ஒரே நாளில் தூக்கியெறிய முடியாது என்பதால் அவருக்குச் சிகிச்சை. மருந்து செலுத்தும் அறையிலும் ஒருவர் கையில் பக்கத்தில் உள்ளவர்களின் உயிர் இருக்கிறது. அந்தப் பதமும் ஒரே நாளில் வந்ததில்லை. விமானிக்குக் கொடுத்த மரியாதையை அந்தத் தொழிலாளிக்கும் கொடுக்க முடியும்.

வெளியே அனுப்பினால் எங்கே போவார்?

மாலை ஐந்தரைக்கு மீண்டும் ஆலை வாசல். வேலை முடிந்து வெளியே வருகிறவர்கள் மரப்பெட்டியிலிருந்து செல்போன்களை எடுத்துக்கொள்கிறார்கள். போர்மேனிடம் அட்டையை நீட்டி, நடந்ததையெல்லாம் சொன்னேன். வெள்ளையாக இருந்த இடத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, கேட்காமலே ஒரு கதை சொன்னார்.

நாலைந்து வருடம் முன்பு ஒரு பையன். கை வேகமானவன். ஒரு திங்கட்கிழமை அவன் கண் சரியில்லை. வாசலிலேயே நிறுத்தி, இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று திட்டி அனுப்பிவிட்டார். அன்றைக்கு அதுதான் சரி என்று பட்டது.

"எங்க போனான்னு நெனைக்கிறீக? ஊருக்குள்ள கருந்திரி சுத்துற வீட்டுக்குப் போயிட்டான். அங்க வாசலும் இல்ல, பெட்டியும் இல்ல, கேக்க ஆளும் இல்ல. ஒரே அறையில திரி காயுது, பக்கத்துல அடுப்பு எரியுது, பச்சப்பிள்ள தொட்டில்ல தூங்குது. நான் இங்க இருந்த ஆபத்தத் தூக்கி அந்தப் பிள்ள தொட்டிலுக்கு அடியில வச்சுட்டேன் அண்ணாச்சி."

சட்டத்துக்குப் புறம்பாக வீடுகளில் திரி சுற்றும் தொழில் இந்த வட்டாரத்தின் ஆறாத புண். ஆலையில் ஓர் அறைக்கு இத்தனை பேர் என்ற கணக்காவது உண்டு. வீட்டில் எந்தக் கணக்கும் கிடையாது. வாசலில் ஒருவரை விலக்கிவிட்டால் நம் ஆலை பத்திரம் என்று நினைக்கிறோம். அந்த ஆள் அதே மருந்தோடு, அதே கையோடு, குடும்பங்கள் வாழும் தெருவுக்குப் போய்ச் சேருகிறார்.

"அதுக்கப்புறம் யாரையும் வெளிய அனுப்புறதில்ல" என்றார். ஆலையின் ஒரு மூலையில் தகரக் கொட்டகை. காகிதம் வெட்டுவதும் லேபிள் ஒட்டுவதும் வெற்றுக் குழாய் சுற்றுவதும் அங்கே. மருந்து வாடையே இல்லாத இடம். கண் சரியில்லாதவரை அன்றைக்கு அங்கே உட்கார வைத்துவிடுகிறார். ஏன் என்று நாலுபேர் முன்னால் கேட்பதில்லை. மத்தியானம் சாப்பிட்ட பிறகு தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார். அதற்குமேல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மருத்துவமனையில் யாரைப் பார்ப்பது, வழக்கு வந்துவிடுமா என்ற பயம் அவருக்கே இருக்கிறது. 64-ஏ பிரிவைப் பற்றிச் சொன்னேன். எண்ணை எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-ஐயும் அதே தாளில் எழுதினேன்.

சோதனை வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். இந்த மண்ணில் அது வேண்டும். முதலாளி, மேலாளர், போர்மேன், கலவைக்காரர் என்று வாசலைத் தாண்டும் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி, குலுக்கல் முறையில், ஒரு மறைவுக்குள் வைத்து எடுக்க வேண்டும். கோடு வராவிட்டால் அன்றைக்குத் தகரக் கொட்டகை, கூலியில் பிடித்தம் இல்லை. என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று முதலில் ஒரு கேள்வி. ஆய்வுக்கூடத்தின் உறுதி வரும்வரை பெயர் வாசலைத் தாண்டக் கூடாது. உறுதியானால் துணைக்கு ஒருவரோடு மருத்துவமனைக்கு. எல்லாக் கோடும் வந்தாலும் கை நடுங்கினால் அன்றைக்கு அவருக்கும் கொட்டகைதான். அதைப் பார்க்க எந்த அட்டையும் போதாது, போர்மேனின் கண்தான் வேண்டும்.

கடைசி வேன் கிளம்பத் தயாராக நின்றது. காலையில் மருந்து செலுத்திக்கொண்டிருந்த அக்கா தூக்குவாளியோடு வந்தார். கையைக் கழுவியிருந்தார். விரல் இடுக்கில் வெள்ளி இன்னும் மின்னியது. போர்மேன் அவரிடம், "பெரியவன் எப்ப வேலைக்கு வர்றான்?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லாமல் ஒரு கணம் நின்றார். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், "கொட்டகையில எடம் இருக்குமாண்ணே?" என்றார்.

போர்மேன் என்னைப் பார்க்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இருக்கும்மா. நாளைக்கே கூட்டிட்டு வா."